நாச்சி மூச்சு

பெட்டியை மூடும் நேரம் வந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

யாரும் சொல்லவில்லை; சொல்ல வேண்டியதும் இல்லை. பங்குச்சாமி ஜெபத்தை முடித்துக் கையைத் தாழ்த்தினார். முற்றத்தில் நின்ற கூட்டம் ஒரே உடம்பு போல அசைவற்றுப் போனது. இறந்தவரின் மகள் உதட்டை இறுக்கி, தோள்களைச் சற்றே உயர்த்தி, கண்ணை மூடாமல் நின்றாள். அழவில்லை. ஆணி அடிக்கும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மூச்சை விட்டாள். பிள்ளை நல்லா நின்னுட்டா என்று பின்வரிசையில் ஒருவர் மெல்லச் சொன்னார். அதைவிடப் பெரிய பாராட்டு சாவு வீட்டில் இல்லை.

கஸ்பார் மோத்தாவும் அப்படித்தான் நின்றார். தூத்துக்குடியில் இப்போதெல்லாம் யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. மாரில் அடித்துக்கொள்வதில்லை. நாச்சி மூச்சு ஒன்று போதும். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் மனைவி செலினை அடக்கம் செய்தபோது அவரும் நாச்சி மூச்சு பிடித்தார், தெருவே மெச்சியது. அன்றைக்குப் பிடித்த மூச்சை இன்னும் முழுதாக விட்டபாடில்லை என்று சில நேரம் அவருக்குத் தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை. பொதுவாகவே அவர் எதையும் யாரிடமும் சொல்கிறவரல்ல.

நாச்சி என்பவள் உண்மையில் வாழ்ந்த பெண் அல்ல. ‘முத்துமுனை’ என்ற இசை நாடகத்தில் வருகிற பாத்திரம். கடலோர முனை ஒன்றில் விளக்கு ஏற்றுவது அவள் வேலை. ஒரு நாள் பகைவரின் கப்பல்கள் கரை நோக்கி வருகின்றன. முதல் கப்பலில் அவள் கணவன் சிறைப்பட்டிருக்கிறான். விளக்கு எரிந்தால் கப்பல்கள் பத்திரமாகக் கரை சேரும், ஊர் அழியும். விளக்கு அணைந்தால் கப்பல்கள் பாறையில் மோதும், கணவன் சாவான். நாடகப் பிரதியில் அந்த இடத்தில் வசனமே கிடையாது. ‘நாச்சி விளக்கை அணைக்கிறாள். மௌனம். பிறகு பாடுகிறாள்.’ அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஏன் அணைத்தாள், அணைக்கும்போது என்ன நினைத்தாள் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. அதனாலேயே தமிழ் பேசுகிறவர்கள் இருக்கும் ஊரிலெல்லாம் அந்த நாடகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஆளுக்கொரு நாச்சி வந்தாள். எவள் சரியான நாச்சி என்று சண்டை போட்டார்கள்.

பாத்திரமானி வந்த பிறகு சண்டை ஓய்ந்தது.

நடிகரின் கழுத்தில் நகத்தளவு உணர்வொட்டு ஒன்றை ஒட்டிவிடுவார்கள். மூச்சு, நாடித் துடிப்பு, தசையின் இறுக்கம், கண்ணின் ஈரம் எல்லாவற்றையும் அது பதிந்துகொள்ளும். ஒரே பாத்திரத்தை நடித்த நூற்றுக்கணக்கானவர்களின் பதிவுகளைப் பாத்திரமானி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். அவரவர் தம் கையிலிருந்து போட்டதைக் கழித்துவிடும். எல்லோருக்கும் பொதுவாக எஞ்சுவது எதுவோ, அதுதான் பாத்திரத்தின் கரு. கருவிலிருந்து ஒரு நடிகை எவ்வளவு விலகி நிற்கிறாள் என்பதை எண்ணாகச் சொல்லிவிடும். விலகல் நாற்பதைத் தாண்டினால் பாத்திர ஆணையத்தின் சான்று கிடைக்காது. சான்று இல்லாத நாடகத்துக்கு எந்த ஊரிலும் மேடை இல்லை.

கஸ்பார் அந்த ஆணையத்தின் ஒப்பாளர். இருபது வருடமாக நாச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. மதுரைக் குழுவின் நாச்சி தலை நிமிர்ந்து, ஊருக்காகத் தாலியைக் கழற்றி வைக்கிற வீராங்கனையாக விளக்கை அணைப்பாள். பினாங்கு நாச்சிக்குக் கணவன் அடித்த தழும்பு முதுகில் இருக்கும். பார்வையாளருக்கு முதுகைக் காட்டியபடி, இடது கையால் அணைப்பாள். யாழ்ப்பாணத்தவள் தூங்கும் குழந்தைக்குப் போர்த்திவிடுவது போல ஈரத்துணியைத் திரியின்மேல் மெதுவாக வைப்பாள். டொரான்டோ நாச்சிக்குக் கை நடுங்கும். அவள் முடிவு எடுப்பதே இல்லை, சொன்னதைச் செய்கிறாள். ஒருத்தி சொல்லும் கதையை இன்னொருத்தி ஏற்கமாட்டாள். ஆனால் விளக்கு அணைந்த அடுத்த கணம் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தார்கள். தசை இறுகியது. கண் கலங்கியது. பாத்திரமானி அதற்கு ‘அடக்கிய துக்கம்’ என்று பெயர் வைத்தது. இவ்வளவு வேறுபட்ட பெண்களுக்குள் ஒரே துக்கம் ஓடுகிறது என்றால் அது மனிதகுலத்துக்கே பொதுவானதுதானே? ஊர் அதை நம்பியது. மேடையில் பார்த்ததை வீட்டுக்கு எடுத்துப் போனது. நாடகம் பார்க்க வருகிறவர்களும் அந்த இடத்தில் தாங்களும் மூச்சைப் பிடிப்பது வழக்கமாயிற்று.

கஸ்பாருக்கு வாழ்க்கையில் மிகப் பிடித்த இடம் அந்த மௌனம்தான்.

அடக்கம் முடிந்து நேராக அவர் போனது நாடகக் குழு நடத்தும் தனுஷ்கோடியின் ஒத்திகைக்கு. ஒத்திகை நடந்தது கடற்சுவரை ஒட்டிய பழைய உப்புக் கிடங்கில். ‘முத்துமுனை’யை அந்தக் குழு சனிக்கிழமை அரங்கேற்ற இருந்தது. நாச்சியாக நடிப்பவள் ஆவுடைத்தங்கம். பகலில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. பத்து வருடமாகக் குழுவில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடிக்கொண்டிருந்தவள். முதல் தடவையாகப் பெரிய வேஷம்.

ஒத்திகை முடிந்ததும் சுவர்த்திரையில் எண் ஒளிர்ந்தது. அறுபத்தொன்று.

தனுஷ்கோடி தலையில் கை வைத்துக்கொண்டார். வயதான மனிதர், நாடகத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. சனிக்கிழமைக்குள் எண் இறங்காவிட்டால் குழுவின் இன்னொரு நடிகை மேகலாவைப் போட்டுவிடுவதாகவும், அவள் எந்த வேஷமானாலும் கருவைவிட்டு மூன்றுக்குமேல் விலகாதவள் என்றும், குழுவில் இருக்கும் அத்தனை பேரின் பிழைப்பும் இதில் இருக்கிறது என்றும் சொன்னார். சொன்னதில் பொய் இல்லை. அதனால் ஆவுடை எதிர்த்துப் பேசவில்லை. கழுத்திலிருந்து உணர்வொட்டை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி, நீ வேற எதையும் மாத்த வேண்டாம்,” என்றார் தனுஷ்கோடி. “அழு, சிரி, குட்டிக்கரணம் போடு. அந்த ஒரு இடத்துல மட்டும் மூச்சப் புடிச்சிரு. நம்பர் தானா எறங்கிரும்.”

“எதுக்குப் புடிக்கணும்?”

“எதுக்கா? நாச்சி புடிக்கா. நீயும் புடி.”

“நான்தான நாச்சி. நான் புடிக்கலியே.”

மேளக்காரர் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினார். கஸ்பாருக்கும் சிரிப்பு வந்தது, முகத்தில் காட்டவில்லை. அவர் பதிவை ஓடவிட்டுப் பார்த்தார். விளக்கு அணைந்ததும் ஆவுடை மூச்சைப் பிடிக்கவில்லை. மாறாக, மெதுவாக, நீளமாக உள்ளே இழுத்தாள். கருவுக்கு நேர் எதிர். அதற்குப் பிறகு வரும் பாட்டு மேல் ஸ்தாயியில் ஆரம்பிக்கிறது. அங்கே அவள் குரல் கரகரத்துப் பிசிறியது.

நடிகர்களிடம் ஒப்பாளர் பேசும் வழக்கமில்லை. எண் பேசுகிறபோது ஆள் எதற்கு என்பது ஆணையத்தின் நினைப்பு. ஆனால் அன்றைக்கு அவர் காதில் ஆணிச் சத்தம் இன்னும் இருந்தது. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டுவிட்டார்.

ஆவுடை அணைந்த விளக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

“தெனமும் அவ ஏத்துன விளக்கு, அண்ணாச்சி. இனிமே ஏத்தப் போறதில்லன்னு தெரிஞ்சேதான் அணைக்கா. கடைசியா அவளுக்குன்னு வாரது அந்த விளக்கு வாசம் ஒண்ணுதான். அத மோந்து பாக்காம இருப்பாளா?”

கஸ்பார் தலையை ஆட்டினார். பிடித்திருந்தது. ஆனால் பிடித்திருப்பதைக் காரணமாக எழுத முடியாது. சான்றுத் தாளின் அடியில் ‘ஒப்பாளரின் குறிப்பு’ என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. விலகல் எவ்வளவு இருந்தாலும், அதே போல் நடந்த வேறொரு மேடையேற்றத்தைக் காட்டி, சரியான காரணம் எழுதினால் சான்று கொடுக்கலாம். அவர் இதுவரை அதில் பேனா வைத்ததில்லை. வேறு ஒப்பாளர் யாரும் வைத்ததாகவும் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் காலை ஆணையத்தின் பதிவகத்தில் உட்கார்ந்து, மூச்சைப் பிடிக்காத நாச்சி ஒருத்தியைத் தேட ஆரம்பித்தார். மதியம்வரை ஒருத்தியும் அகப்படவில்லை. கரு வெளியான பிறகு வந்த நாச்சிகள் எல்லோரும் கருவைப் பார்த்தே பயிற்சி எடுத்தவர்கள், முன்னவர்களைவிட இன்னும் நீளமாக மூச்சைப் பிடித்தார்கள். அதைச் சேர்த்துக் கணக்கிட்டதில் கரு இன்னும் கெட்டிப்பட்டிருந்தது. ஏதோ ஒரு சந்தேகத்தில், பாத்திரமானி பிழை என்று ஒதுக்கிவைத்த பதிவுகளைத் திறந்தார். அங்கே இருந்தாள்.

இந்தியப் பெருங்கடலின் அடியில் கனிமம் தோண்டும் நிலையம் ஒன்றில், வேலையாட்கள் பொங்கலன்று தங்களுக்குள் போட்ட ‘முத்துமுனை’ அது. நாச்சியாக நடித்தவள் காற்றழுத்த அறையைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். நடிப்பு சுமார்தான். விளக்கை அணைத்தாள். மூச்சு ஒரு மாற்றமும் இல்லாமல் சீராகப் போய்க்கொண்டிருந்தது. நாள் முழுக்க வேலை செய்தவள் போலத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு பாடினாள், முதல் சுரத்திலேயே சுத்தமாக.

கஸ்பார் அதையே மூன்று முறை பார்த்தார். மூச்சைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். நான்காம் முறைதான் விளக்கைப் பார்த்தார்.

அது மின்விளக்கு. கடலடி நிலையத்தில் தீ மூட்ட அனுமதி இல்லை. வேலைக்கு எடுத்துப் போகும் விளக்கு ஒன்றை மாட்டி, பொத்தானை அமுக்கி அணைத்திருந்தார்கள்.

மற்ற நாச்சிகளின் விளக்குகளை வரிசையாகப் பார்த்தார். மதுரை, பினாங்கு, யாழ்ப்பாணம், டொரான்டோ. எல்லாம் பித்தளை விளக்கு, எல்லாம் நிஜத் தீ. புன்னை எண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்பது ‘முத்துமுனை’ ஆரம்ப நாளிலிருந்து எந்தக் குழுவும் மாற்றாத ஐதீகம். எந்த ஊரானாலும் தூத்துக்குடியிலிருந்து எண்ணெய் வரவழைத்துக்கொள்வார்கள்.

அவர் திரையை அணைத்தார். பிறகு எழுந்து, கடைத்தெருவில் ஒரு குப்பி புன்னை எண்ணெய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சாயங்கால வெயில் சமையலறைச் சன்னல் வழியே விழுந்துகொண்டிருந்தது. செலினின் கை விளக்கு ஒன்று மேல்தட்டில் இருந்தது. துடைத்து, எண்ணெய் ஊற்றி, தடித்த திரி போட்டு ஏற்றினார். கொஞ்ச நேரம் எரியவிட்டார். ஈரத்துணியைத் திரியின்மேல் வைத்தார். குப்பென்று புகை கிளம்பி முகத்துக்கு வந்தது. அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. உதடு தானாக இறுகியது, தோள் தானாக உயர்ந்தது, கண்ணில் நீர் முட்டியது.

எதிரே எவர்சில்வர் தூக்குவாளியில் தன் முகம் தெரிந்தது. அச்சு அசலாக நாச்சி.

அவ்வளவுதானா? முப்பது வருடமாக ஒரு ஊர் தன் செத்தவர்களைப் புதைத்தது, ஒரு மகள் தகப்பனின் பெட்டிக்கு முன்னால் அழாமல் நின்றது, எல்லாம் இதற்குத்தானா? பாட்டுக்கு முன்னால் தொண்டையில் புகை போய்விடக் கூடாது என்பதற்கு?

கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. இன்னொரு முறை விளக்கை ஏற்றினார். இன்னொரு முறை அணைத்தார். இந்த முறை ஆவுடை செய்தது போல மெதுவாக உள்ளே இழுத்தார். காறலாக, கசப்பாக, கொஞ்சம் இனிப்பாகவும் ஒரு வாசம் மார்பு நிறைய இறங்கியது. மின்சாரம் போகும்போதெல்லாம் செலின் இதே விளக்கைத்தான் ஏற்றுவாள், அணைத்த பிறகு சேலைத் தலைப்பால் புகையை விசிறி விடுவாள். இருமல் வந்தது. இருமலுக்குப் பின்னால் வேறொன்று வந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடமாக உள்ளே நின்ற மூச்சையெல்லாம் சத்தமாக விட்டு அழுதார். பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு அப்பாலிருந்து என்ன அண்ணாச்சி என்று கேட்டாள். புகை என்றார்.

ஒத்திகைக் கிடங்கில் தனுஷ்கோடி சனிக்கிழமைக்கு மேகலாவின் உடுப்பைத் தேய்த்து மாட்டச் சொல்லிவிட்டிருந்தார். ஆவுடை ஒரு மூலையில் தன் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கஸ்பார் வந்து, கடலடி நாச்சியையும் தன் சமையலறையையும் பற்றிச் சொன்னார். வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அழுததை மட்டும் சொல்லவில்லை.

தனுஷ்கோடியின் முகம் மெல்ல மாறியது.

“அண்ணாச்சி,” என்றார், “நானே சொல்லிக் குடுத்திருக்கேன். மானியெல்லாம் வாரதுக்கு முன்னால. எத்தன நாச்சிய மேடையேத்துனனோ அத்தன பேருட்டயும் சொல்லியிருக்கேன். புகை வரும் தாயி, மூச்சப் புடிச்சுக்க, அடுத்த பாட்டு மேலருந்துலா எடுக்கணும்னு.”

“பெறகு ஏன் சொல்லல?” என்றார் கஸ்பார்.

“யாரு கேட்டா?” தனுஷ்கோடி தரையைப் பார்த்தார். “மானி வந்து துக்கம்னு சொல்லிச்சு. எனக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு. நாம செய்யறது அவ்வளவு பெருசான்னு நெனச்சேன். என் தம்பி செத்தப்போ நானும் அப்படித்தான் நின்னேன்.”

கஸ்பார் சான்றுத் தாளை மடியில் விரித்து, கட்டத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார். ‘புகை.’ கடலடி மேடையேற்றத்தின் பதிவு எண்ணையும் பக்கத்தில் குறித்துக் கையெழுத்திட்டார். இதனால் அவருக்கு வேலை போகலாமே என்று ஆவுடை கேட்டாள். போகலாம் என்றார்.

“வேலைய விட்டு எடுக்கும்போது கொமட்டுல ரெண்டு குத்தும் விடுவாங்களோ?”

“அதுக்குத் தனியா நம்பர் வச்சிருப்பாங்க,” என்றார் கஸ்பார். அவர் சொன்ன முதல் நகைச்சுவை அதுவாகத்தான் இருக்கும். தனுஷ்கோடிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

சனிக்கிழமை மாலை அரங்கு நிரம்பியிருந்தது. கஸ்பார் பின்வரிசையில் உட்கார்ந்தார். கப்பல்கள் தெரிந்தன. நாச்சி விளக்கைப் பார்த்தபடி நின்றாள். ஈரத்துணியைத் திரியின்மேல் வைத்தாள். மேடை இருண்டது. அரங்கு முழுவதும் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அந்த அமைதியில், ஒருத்தி மட்டும் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

ஜனங்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். பிடித்த மூச்சை எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பது? ஒருவர் விட்டார், அப்புறம் இன்னொருவர். விட்டவர்கள் திரும்ப உள்ளே இழுத்தபோது மேடையிலிருந்து புகை அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது. முப்பது வருடமாக அந்த அரங்கில் எத்தனையோ தடவை அணைந்த விளக்கு. அதன் வாசம் இப்படித்தான் இருக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. வாசம் வரும் நேரத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டல்லவா இருந்தார்கள்? யாரோ இருமினார்கள். நடுவரிசையில் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். அடக்கத்தில் நல்லா நின்ற அந்த மகள்தான்; தகப்பன் முன்னமே வாங்கி வைத்திருந்த சீட்டோடு வந்திருந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மேடையில் ஆவுடையின் குரல் முதல் சுரத்தில் உடைந்தது. அவள் கீழே இறங்கி, கரகரத்த குரலோடே மறுபடி ஏறி, அந்தச் சுரத்தைத் தொட்டாள்.

சுவர்த்திரையில் அறுபத்துமூன்று என்று ஒளிர்ந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஆணையம் கஸ்பாரை வேலையை விட்டு எடுக்கவில்லை. சென்னையிலிருந்து விளக்கம் கேட்டார்கள். விளக்கை ஏற்றி அணைத்துப் பாருங்கள் என்று சொன்னார். சில நாள் பேச்சு மூச்சில்லை. ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு புகைக்காகப் பிடித்த மூச்சைக் கழித்துவிட்டு நாச்சியின் கருவை மறுபடி கணக்கிட்டார்கள். திரையில் ஒன்றும் எஞ்சவில்லை. கரு இல்லை என்று மட்டும் வந்தது. அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, புதிய பதிவுகள் சேரட்டும் என்று காத்திருந்தார்கள்.

சேர்ந்தன. ஆவுடையின் நாச்சியைக் கேள்விப்பட்ட குழுக்களெல்லாம் அடுத்த வருடம் புகையை இழுத்தன. மதுரை இழுத்தது, பினாங்கு இழுத்தது. மேகலா எல்லோரையும்விட அழகாக இழுத்தாள். பாத்திரமானி மகிழ்ச்சியோடு புதிய கருவை அறிவித்தது: ‘ஏற்றுக்கொண்ட துக்கம்.’ சாவு வீடுகளில் இப்போது வாசலில் ஒரு புன்னை விளக்கை ஏற்றி அணைத்து, எல்லோரும் வரிசையில் நின்று மோந்து பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அதற்கும் பாடம் வந்துவிட்டது. ஆனால் புகை தொண்டையில் பட்டால் இருமல் வரும், இருமினால் அழுகையும் வந்துவிடும். அதை எந்தப் பாடத்தாலும் தடுக்க முடியவில்லை. அந்த மட்டில் கஸ்பாருக்குச் சந்தோஷம்தான்.

அந்த வருடம் தனுஷ்கோடி குழுவின் ‘முத்துமுனை’க்கு மறுபடி சான்று எழுத அவரே போனார். ஒத்திகை முடிந்தது. திரையில் எழுபது.

தனுஷ்கோடி இந்த முறை தலையில் கை வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, என்ன நடக்கிறது பார்ப்போம் என்பது போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கஸ்பார் பதிவை ஓடவிட்டார். ஆவுடை புகையை உள்ளே இழுத்தாள். இழுத்த பிறகு, பிடித்துக்கொண்டாள். நீளமாக, பழைய நாச்சிகளைவிட நீளமாக. பாத்திரமானி அதைக் காலாவதியான பிழை என்று குறித்திருந்தது.

“மறுபடியும் தோத்துட்டேனா அண்ணாச்சி?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

“ஊரே மூச்சப் புடிக்கும்போது நீ இழுத்த. இப்ப ஊரே இழுக்கும்போது நீ புடிக்க.”

“அதுக்காக இல்ல. போன வருசம் அவ கடைசியா ஒருக்கா மோந்து பாக்கணும்னு நெனச்சா. இப்ப அத வெளிய விடவே அவளுக்கு மனசில்ல. விட்டா போயிரும்லா. பாட்டு ஆரம்பிக்க வரைக்குமாவது உள்ள இருக்கட்டுமே.”

கஸ்பார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிடங்கில் புகை இன்னும் முழுதாக அடங்கவில்லை. அவரும் அதைக் கொஞ்ச நேரம் உள்ளே வைத்துக்கொண்டார். பிறகு சான்றுத் தாளின் அடியிலிருந்த கட்டத்தில் எழுதினார்:

‘நடிகையைக் கேளுங்கள்.’